சனிக்கிழமை மட்டும் வசதி

எங்கள் குடும்பம் ஒரே ஒரு நாள் வசதியாக இருந்திருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை. அந்த ஐந்து மணி நேரத்துக்குள் ஸ்ரீரங்கன் சார் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

என் பெயர் ஃபிசா. மீர்சாகிப்பேட்டையில், மூன்று குடித்தனங்கள் உள்ள ஒரு காம்பவுண்டில் இருக்கிறோம். அத்தா வலியுல்லா, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தவர். சர்க்கரை நோய் அவருடைய வலது காலில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு மிஷின் மிதிக்க முடியாமல் வீட்டில் இருக்கிறார். அம்மா அஃப்சருன்னிசா, தி.நகர் புடவைக் கடை ஒன்றுக்குப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறாள். அம்மாவுக்கு உலகத்தில் வராத ஒரே வார்த்தை "முடியாது" என்பதுதான். அந்த வார்த்தையை நான்தான் அவளுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். பி.எஸ்ஸி. கணிதத்தில் சீட்டும் கிடைத்துவிட்டது. கட்டணத்துக்குத்தான் வழியில்லை. மயிலாப்பூரில் வேதவல்லி சுந்தரேசன் கல்வி அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு மூன்று வருடக் கட்டணத்தையும் நேராகக் கல்லூரிக்கே கட்டிவிடுவார்கள். நானும் அதே காம்பவுண்டில் எதிர் வீட்டு தஹ்சீனும் விண்ணப்பம் போட்டோம். அது கிடைக்காவிட்டால் நானும் அம்மாவோடு உட்கார்ந்து ஃபால்ஸ் தைக்க வேண்டியதுதான் என்பது பேசாமலேயே முடிவாகியிருந்தது. எனக்கு ஊசியைப் பிடிக்காது.

விண்ணப்பப் படிவம் நான்கு பக்கம். மூன்று பக்கங்களில் நாங்கள் யார் என்று கேட்டிருந்தார்கள். நான்காவது பக்கம் முழுக்க வீட்டில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல். ஃப்ரிட்ஜ், சோபா, டிவி, வாஷிங் மெஷின், இருசக்கர வாகனம். அரசாங்கம் கொடுத்த பொருட்கள் சேராது என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. எங்கள் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் அரசாங்கம் கொடுத்தவை. ஆகவே அறக்கட்டளையைப் பொறுத்தவரை எங்கள் வீடு காலி. நான் நிம்மதியாக எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று எழுதினேன்.

படிவத்தை நம்ப மாட்டார்கள், வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். தஹ்சீன் வீட்டுக்குச் சனிக்கிழமை, எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று குறுஞ்செய்தி வந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு தஹ்சீனின் அத்தா அப்துல் வஹீத் எங்கள் வாசலில் வந்து நின்றார். வஹீத் மாமா ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்கிறவர். யாரோ ஒரு கஸ்டமர் இனி உதவாது என்று விட்டுப்போன ஃப்ரிட்ஜை அவரே உயிர்ப்பித்து வீட்டில் வைத்திருந்தார். சோபாவும் அப்படித்தான், யாரோ தூக்கிப்போட்டது. அவரும் வசதியானவர் இல்லை. ஆனால் அவர் வீட்டைப் பார்த்தால் அப்படித் தெரியாது, அதுதான் அவருடைய கஷ்டம்.

"அஃப்சரக்கா, ஜாம்பஜார்ல ஒரு பொண்ணுக்கு ஃப்ரிட்ஜ் கீதுன்னு சொல்லியே ஸ்காலர்ஷிப் இல்லேன்னுட்டானுங்களாம். ஒரு நாலு மணி நேரம். உங்க வூட்ல வெச்சிக்கிறேன். மத்தியானம் எடுத்துடறேன்."

"அதுக்கென்னா, கொண்டாங்க," என்றாள் அம்மா.

"அம்மா, நாளைக்கு நம்ம வீட்டுக்கு வராங்க," என்றேன்.

"நாளைக்கித்தானே வராங்க. இன்னிக்கி வெச்சா உனுக்கு இன்னா?"

கணக்குப்படி அம்மா சொன்னது சரியாகவே இருந்தது.

எங்கள் வீட்டில் ஒரே அறை. அதற்குள் ஃப்ரிட்ஜ் வந்தது, மூன்று பேர் உட்காரும் சோபா வந்தது, பெரிய டிவி வந்தது. ஃப்ரிட்ஜை நிறுத்தி வைத்தால் உள்ளே இருப்பது கெட்டுவிடும் என்று வஹீத் மாமா பிளக்கும் போட்டுவிட்டார். தொழில்காரர், எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். திரும்பிப் போனவர் தன் வீட்டு சீலிங் ஃபேனையும் கழற்றிக்கொண்டு வந்தார்.

"ஃபேன் எதுக்கு மாமா? ஃபேன் எல்லார் வீட்லயும் இருக்கே," என்றேன்.

"எதுக்கும் இருக்கட்டும்," என்றார்.

இறக்கைகளைச் சோபாவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தோம். அத்தாவுக்குப் படுக்க இடம் இல்லாததால் சோபாவில் உட்கார வைத்தோம். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர் மிராசுதார் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பத்தரை மணிக்கு ஸ்ரீரங்கன் சார் வந்தார். எழுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, தோளில் துணிப் பை, கையில் கிளிப் போட்ட அட்டை. வங்கியில் முப்பத்தெட்டு வருடம் இருந்துவிட்டு ஓய்வுக்குப் பிறகு அறக்கட்டளைக்காகச் சம்பளம் இல்லாமல் வீடு வீடாகப் போகிறவர். எங்கள் காம்பவுண்டில் முதல் கதவு எங்களுடையது. அதைத்தான் தட்டினார்.

"வலியுல்லா வீடுதானே? உங்களுக்கு நாளைக்குன்னு போட்டிருக்கு. ஒரே காம்பவுண்டுக்கு ரெண்டு நாள் எதுக்கு அலையணும்னு இன்னிக்கே ரெண்டையும் முடிச்சுண்டு போயிடலாம்னு வந்தேன். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

அம்மாவுக்கு ஆட்சேபணை என்பதும் வராது.

நிற்க இடமில்லாததால் அவர் சோபாவில் அத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. உட்கார்ந்ததும் உறையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"தையல் ரொம்ப நேர்த்தியா இருக்கே. யார் தெச்சது?"

"நான்தான் சார்," என்றார் அத்தா. உண்மைதான். வஹீத் மாமா சோபாவைத் தெருவிலிருந்து தூக்கி வந்தபோது அத்தாதான் அதற்கு உறை தைத்துக் கொடுத்தார். கால் விரல்கள் போவதற்கு முன்னால் அவர் தைத்த கடைசி வேலை அது. யாரும் பாராட்டி வெகுநாளாகிவிட்டதால் அவர் மேற்கொண்டும் பேசினார். எந்தத் துணி, எவ்வளவு நாளாயிற்று, ஓரத்துக்கு இரட்டைத் தையல் ஏன் போட வேண்டும் என்றெல்லாம் விளக்கினார். ஸ்ரீரங்கன் சார் மரியாதையாகக் கேட்டுவிட்டு "சோபா" என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

பிறகு எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார். அது அவருடைய வழக்கமாம். ஃப்ரிட்ஜ் அடுத்தவர்களுடையது என்று நிறைய பேர் சொல்வார்களாம், உள்ளே பார்த்தால் தெரிந்துவிடுமாம். உள்ளே இட்லி மாவும் தண்ணீர் பாட்டில்களும் இருந்தன. கதவுத் தட்டில் ஒரு மருந்துக் கவர். அதை எடுத்து மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் படித்தார். இன்சுலின். கவரின் மேல் பென்சிலால் "வலியுல்லா" என்று எழுதியிருந்தது.

இதைச் சொல்லாவிட்டால் புரியாது. இரண்டு வருடமாக அத்தாவின் இன்சுலின் எதிர் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. காலையிலும் மாலையிலும் அம்மா போய் எடுத்து வருவாள். அந்த வீட்டில் ஒரு நாள்கூட யாரும் முகம் சுளித்ததில்லை. ஊருக்குப் போனால் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஃப்ரிட்ஜ் வந்தபோது மருந்தும் அதிலேயே வந்துவிட்டது.

"இந்த மருந்து யாருக்கும்மா?"

"எங்க வூட்டுக்காரருக்கு சார்."

"அப்போ இந்த ஃப்ரிட்ஜ்?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். எதிர் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. அந்த இடைவெளியில் தஹ்சீனின் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"எல்லாம் நம்மளுதுதான் சார்," என்றாள் அம்மா.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஏதாவது உடைத்திருப்பேன். உடைக்கலாம் என்றால் எதுவும் எங்களுடையது இல்லை.

ஸ்ரீரங்கன் சார் வரிசையாக டிக் அடித்தார். என் படிவத்தில் நான் எழுதியிருந்த "இல்லை"களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அம்மா டீ கொடுத்தாள். விண்ணப்பித்தவர் வீட்டில் எதுவும் சாப்பிடக்கூடாது என்பது விதி என்று சொல்லிவிட்டு எதிர் வீட்டுக்குப் போனார்.

அங்கே வஹீத் மாமா, அவர் மனைவி, தஹ்சீன் மூன்று பேரும் வெறும் தரையில், ஃபேன் இல்லாத ஜூன் மாதத்தில், வேர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். மதியம் ஒரு மணிக்கு வஹீத் மாமா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். எங்கள் வசதி முடிந்தது.

புதன்கிழமை குறுஞ்செய்திகள் வந்தன. தஹ்சீனுக்குத் தகுதி உண்டு. எனக்கு: "குடும்ப வசதி போதுமானது. வருந்துகிறோம்." கல்லூரியில் கட்டணம் கட்டக் கடைசி நாள் அடுத்த புதன்கிழமை.

அம்மாவோடு சண்டை போட்டேன். "உனக்கு நான் பெருசா, எதிர் வீட்டு ஃப்ரிட்ஜ் பெருசா?" என்று கத்தினேன். அம்மா தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உங்க அத்தா ரெண்டு வருசமா அந்த ஃப்ரிட்ஜாலதான் உசுரோட கீறாரு. அவங்க பொண்ணு படிப்புல நா போயி மண்ணு போடச் சொல்றியா?"

"அப்ப என் படிப்புல போடலாமா?"

அம்மா ஊசியை வேகமாக இழுத்தாள். அழுகிறாள் என்று தெரிந்தும் எனக்குக் கோபம் குறையவில்லை.

சாயங்காலம் தஹ்சீன் வந்தாள். வாசல்படியிலேயே நின்றாள். "நா வேணா போயி உண்மைய சொல்லட்டுமாடி?" என்றாள். போகிறவர்கள் போய்விடுவார்கள், கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். "வேணாம்" என்றேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்ததும் நானே போவதென்று முடிவு செய்தேன்.

ராத்திரியே ஒரு கடிதம் எழுதினேன். ஃப்ரிட்ஜ், சோபா, டிவி யாருடையவை, எத்தனை மணிக்கு வந்தன, எத்தனை மணிக்குப் போயின என்று எல்லாம் வரிசையாக. வஹீத் மாமா பெயர், தஹ்சீன் பெயர், அவளுடைய விண்ணப்ப எண். கணக்குப் பாடத்தில் விடைக்கு முன்னால் வழிமுறை எழுதுவோமே, அந்த மாதிரி ஒரு படி விடாமல் எழுதினேன். வியாழக்கிழமை காலையில் அம்மாவிடம் சொல்லாமல் லஸ் வழியாக நடந்து தெற்கு மாட வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனேன்.

ஸ்ரீரங்கன் சார் தனியாக உட்கார்ந்து ரிப்போர்ட்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"சார், எங்க வீட்டுல நீங்க பார்த்த எதுவும் எங்களுது இல்ல," என்றேன்.

அவர் முத்திரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கம்மா உங்களுதுன்னு சொன்னாளே?"

"பொய் சார்."

"ஃப்ரிட்ஜுக்குள்ளே உங்கப்பா மருந்து இருந்ததே?"

"அது எப்பவும் அங்கதான் சார் இருக்கும். அதனாலதான் அம்மா பொய் சொன்னாங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடடா," என்றார். "எதிராத்துல சீலிங்ல கொக்கி மட்டும் இருந்தது. அதுல தூசியே இல்லை. ஒளிச்சு வெச்சிருக்கான்னு அப்பவே தெரியும். ஒன்பது வருஷமா பார்க்கறேன், எல்லாரும் ஒளிப்பா. ஒளிக்கற நிலைமையில இருக்கானே, அதுவே கஷ்டந்தானேன்னு விட்டுடுவேன். எல்லாத்தையும் வெளியில பளிச்சுனு வெச்சுண்டு உட்கார்ந்திருந்தது உங்க குடும்பம் ஒண்ணுதான். அதான் நெஜமாவே வசதி போலிருக்குன்னு நெனைச்சுட்டேன்."

நாங்களும் அந்த இரவல் வசதியை எங்காவது ஒளித்து வைத்திருந்தால் பிழைத்திருப்போம் போலிருக்கிறது.

"அதை மாத்தி எழுத முடியாதா சார்?"

"எழுதலாம். காரணம் எழுதணும்." என் கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். "அதுல எழுதிண்டு வந்திருக்கியா?"

"ஆமா சார்."

"அந்தப் பொண்ணு பேர் இருக்கா?"

"இருக்கு."

"இங்கே ஏழாம் விதின்னு ஒண்ணு இருக்கு. பொய்த் தகவல் குடுத்ததுன்னு எழுத்துல புகார் வந்தா அந்த விண்ணப்பம் ரத்து. மறுபடி எப்பவும் போட முடியாது. வாயால சொல்றவரைக்கும் அது வம்பு, என் காதோட போயிடும். எழுத்துல வந்தா நான் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. நான் அப்படி இருந்ததும் இல்லை." கையை நீட்டினார். "குடுக்கறதானா குடு."

கடிதத்தை இறுக்கிப் பிடித்தேன். கொடுத்தால் புதன்கிழமை கல்லூரியில் என் பெயர் இருக்கும். தஹ்சீனின் பெயர் இருக்காது. அம்மா காலையிலும் மாலையிலும் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போய் மருந்தை எடுப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். அதைவிட மோசம், அவர்கள் அதன் பிறகும் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். அது எனக்குத் தெரியும்.

"லெட்டர் எதுவும் கொண்டு வரல சார்," என்றேன்.

அவர் என் கையில் இருந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார். "போயிட்டு வா."

ராயப்பேட்டை நெடுஞ்சாலை முழுக்க அழுதுகொண்டே நடந்தேன். பெரிய மனசு பண்ணிவிட்டோம் என்ற திருப்தி துளிகூட வரவில்லை. தஹ்சீன் மேல் கோபம், வஹீத் மாமா மேல் கோபம், விதி எழுதியவன் மேல் கோபம், எல்லாவற்றையும்விடக் கடிதத்தைக் கொடுக்காத என் கை மேல் கோபம். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு புடவையை எடுத்தேன். அம்மா ஒன்றும் கேட்காமல் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் ஏழு புடவை தைத்தேன். ஏழும் கோணல். அம்மா ராத்திரியில் பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

திங்கட்கிழமை கூரியரில் ஒரு கவர் வந்தது. அறக்கட்டளையின் கடிதம். "மறுபரிசீலனையில் மாணவி ஃபிசா தகுதியுள்ளவராகக் காணப்படுகிறார். மூன்றாண்டுக் கட்டணம் கல்லூரிக்கு நேரடியாகச் செலுத்தப்படும். முந்தைய முடிவுக்கான காரணம்: ஆய்வு செய்தவரின் பிழை."

அம்மா அல்லாவுக்கு நன்றி சொன்னாள். தஹ்சீன் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. நானும் அவளை மன்னித்துவிட்டேன், கிடைத்த பிறகு மன்னிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. கடைசி வரியை மட்டும் நான் நாலைந்து முறை படித்தேன். என்ன பிழை என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அறக்கட்டளையிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். அடுத்த வருடம் ஜூனில் வேறொருவர் வந்தார். சாய்நாத் என்று பெயர், பெருங்குடியில் ஐ.டி. கம்பெனியில் வேலை, சனிக்கிழமைகளில் சேவை. கையில் அட்டைக்குப் பதில் டேப்லட். எங்கள் வீட்டையும் எதிர் வீட்டையும் சேர்த்தே பார்ப்பதாகச் சொன்னதால் தஹ்சீனும் வந்து எங்கள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்ரீரங்கன் சார் வரலையா?" என்று கேட்டேன்.

"அவரை ஹவுஸ் விசிட்ல இருந்து எடுத்துட்டாங்கம்மா. போன வருஷம் ஒரு ரிப்போர்ட்ல பெரிய தப்பு பண்ணிட்டாராம். ஃப்ரிட்ஜே இல்லாத வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்குன்னு டிக் பண்ணி, சோபா இருக்குன்னு டிக் பண்ணி... எனக்குக் கண்ணு சரியா தெரியறதில்லைன்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. ஒன்பது வருஷம் வெயில்ல அலைஞ்சவரு, பாவம். இந்த வேலைதான் அவருக்கு உசுரு. இப்போ ஆஃபீஸுக்கே வர்றதில்ல. வயசாயிடுச்சு, என்ன பண்றது?"

அம்மாவின் கையில் ஊசி நின்றது. தஹ்சீன் தரையைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜில் இருந்த கவரில் பென்சிலால் எழுதியிருந்த பெயரைப் படித்த கண், கொக்கியில் தூசி இல்லாததைப் பார்த்த கண். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். சொல்வதற்கு நான் வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அடுத்த கேள்வி, அப்படியானால் அந்த ஃப்ரிட்ஜ் யாருடையது என்பதாகத்தான் இருக்கும்.

"ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார் சாய்நாத்.

"இல்ல சார்."

"குறை எதுவும் இல்லை" என்று அவர் டேப்லட்டில் பதிந்துகொண்டார்.

இதற்காக நான் வெட்கப்படுகிறேன். அம்மா அன்றைக்குப் பொய் சொன்னபோது நான் பட்ட கோபமெல்லாம் நினைவிருக்கிறது, இப்போது அவள் செய்ததையே நானும் செய்துகொண்டிருக்கிறேன். தஹ்சீனுக்கும் எனக்கும் படிப்பு முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் ஸ்ரீரங்கன் சாருக்குக் கண் தெரியாது.